கேத்தலுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைக் குழாய்

எங்கள் குசினி யன்னல் விளிம்பில், தேத்தண்ணிக் கேத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் இடையில், ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய் நாலரை வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "ரீச்சர், நீங்கள் கணக்குத்தானே படிப்பிக்கிறனீங்கள், விஞ்ஞானமும் எடுக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். மகனுடைய சலத்தைக் காய்ச்சிப் பார்க்கிற குழாய் என்று சொன்னதும், கையில் எடுத்த தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தவர்களும் உண்டு. முதல் வருடம் ஆட்கள் வரும்போது அதை அலுமாரிக்குள் ஒளித்தேன். இப்போது ஒளிப்பதில்லை. சலத்தைப் பற்றிப் பேசவும் அதைப் பார்க்கவும் கூசுகிற எங்கள் வழக்கம், என் மகனுடைய நோயைக் கண்டுபிடிப்பதை இரண்டு கிழமை பிந்த வைத்தது என்பது என் எண்ணம். அந்த இரண்டு கிழமையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

அவனுக்கு அப்போது நாலு வயதும் மூன்று மாதமும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் முற்றத்து மணலைக் கச்சான் காற்று வாரி இறைத்துக்கொண்டிருந்த ஆவணி மாதம். காலையில் எழும்பும்போது அவனுடைய கண் இமைகள் இரண்டும் பொங்கியிருக்கும். மத்தியானத்துக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். தூசி என்றேன் நான். முதல் நாள் தின்ற இறால் என்றார் இவர். நுளம்பு கடித்திருக்கும் என்றார் மாமி. ஒரு தனியார் மருந்தகத்தில் காட்டினோம். அலர்ஜி என்று சொல்லிப் பாணி மருந்து தந்தார்கள். மருந்து குடித்த நாட்களிலும் வீக்கம் அடுத்த காலையில் திரும்பி வந்தது. அவனுக்குக் கண் கடிக்கவில்லை, தும்மல் இல்லை, தோலில் தடிப்பும் இல்லை. அலர்ஜி என்றால் இவற்றில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது கிழமையில் வீக்கம் கீழே இறங்கத் தொடங்கியது. இரவு முழுதும் படுத்திருக்கிற பிள்ளையின் உடம்பில் தேங்கும் நீர் தளர்வான இமைகளில் சேர்கிறது. பகலில் ஓடித் திரியும்போது அது காலுக்கு இறங்குகிறது. மாலையில் காற்சட்டையின் இலாஸ்டிக் இடுப்பில் ஆழமாகப் பதிந்திருந்ததையும், செருப்பு இறுகியதையும், வயிறு முன் தள்ளியதையும் கண்டேன். பிள்ளை கொழுக்கிறான் என்று மாமி சந்தோசப்பட்டார். ஒரு நாள் அவன் கழிவறையில் இருந்து கூப்பிட்டு, "அம்மா, என்ட சலம் சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குது, வந்து பாருங்கோ" என்றான். "சீ, தண்ணியை ஊத்திப்போட்டு வா" என்று நான் குசினியில் நின்றபடியே சொன்னேன். நோயின் மிகத் தெளிவான அறிகுறியை நாலு வயதுப் பிள்ளை தானே கண்டு சொல்ல, படித்த தாய் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்ன கதை இது. அந்த மருந்தகத்து டொக்டரில் எனக்கு இன்று பெரிய கோபம் இல்லாததற்கும் காரணம் இதுதான். அவர் சலத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. நானோ பார்க்கவே மறுத்தேன்.

முகம் முழுதும் வீங்கிய பிறகு அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் கேட்டது சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை. கடைசியாக நிறுத்த எடை 16 கிலோ. அன்று தராசு 19 கிலோவுக்கு மேல் காட்டியது. ஒரு கிழமை இரு கிழமையில் பிள்ளைக்கு மூன்று கிலோ கூடினால் அது சதை அல்ல, தண்ணீர். ஒரு சிறு பிளாஸ்டிக் கோப்பையில் சலம் எடுத்து, நிறச்சதுரங்கள் ஒட்டிய தாள் பட்டியை அதில் தோய்த்தார்கள். மஞ்சளாக இருந்த சதுரம் ஒரு நிமிடத்துக்குள் கடும் பச்சையாகியது. இரண்டு கிழமையாக நாங்கள் தேடிய காரணத்தைச் சொல்ல அதற்கு அவ்வளவு நேரமே பிடித்தது.

நெப்ரோட்டிக் சின்ட்ரோம் என்றார்கள். பெயர் பயமுறுத்தினாலும் விசயத்தை விளங்கிக்கொள்வது கடினமில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் வடிகள் இருக்கின்றன. வடியின் சுவரில் கால் விரல்களைக் கோத்ததுபோலப் பிணைந்திருக்கும் நுண்ணிய உயிரணுக்கள், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாமல் மறித்து நிற்கின்றன. இந்த நோயில் அந்த விரல்கள் தட்டையாகி மறிப்புத் தளர்ந்துவிடுகிறது. அல்புமின் சலத்தோடு போகிறது, அதுதான் நுரை. இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதில் அல்புமினுக்குப் பெரும் பங்கு உண்டு. அது குறைந்ததும் நீர் குழாயை விட்டுக் கசிந்து தசைக்கும் தோலுக்கும் இடையில் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைத்து வீக்கத்தைக் கூட்டுகிறது. குறைந்ததை ஈடுசெய்ய ஈரல் வேகமாக வேலை செய்யும்போது கொழுப்பும் சேர்ந்து பெருகும். மகனுடைய இரத்த அறிக்கையில் அல்புமின் லீட்டருக்கு 16 கிராம். வழக்கமாக 35க்கு மேல் இருக்க வேண்டியது. கொலஸ்ட்ரோல், வயது முதிர்ந்த வியாபாரி ஒருவருக்கு வரக்கூடிய அளவில் நின்றது. ஆனால் சிறுநீரகம் கழிவை வடிக்கிறதா என்று காட்டும் கிரியேற்றினினும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. சிறுநீரகம் வடித்துக்கொண்டுதான் இருந்தது. வைத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டது, அவ்வளவே.

இந்த வேறுபாட்டை வீட்டாருக்கு விளங்கப்படுத்துவது பெரும் பாடாயிற்று. 'கிட்னி' என்ற சொல் காதில் விழுந்ததுமே இவருடைய சித்தப்பா, பதவி சிறிபுரப் பக்கமும் அநுராதபுரப் பக்கமும் வயற்காரரைக் கொல்லுகிற அந்த வருத்தமா என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டார். அது 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய இடங்களிலும் அறியப்பட்ட, பெரும்பாலும் வயது வந்த விவசாயிகளைப் பிடிக்கிற, காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத நாட்பட்ட நோய். சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கிப் போவது. பிள்ளைகளுக்கு வரும் நெப்ரோட்டிக் வேறு. இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் அதிகம் வருவது, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளை ஏறத்தாழ இரண்டு மடங்கு பிடிப்பது, பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட் மருந்துக்கு அடங்குவது. டயலிசிஸ் வேண்டுமா என்று கேட்ட எல்லாருக்கும் இதையே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை.

விடுதியில் பக்கத்துக் கட்டிலில் மூதூரில் இருந்து வந்த ஒரு தாய், ஏழு வயது மகனோடு இருந்தார். அவனுக்கும் முகம் வீக்கந்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வருத்தம் என்று நாங்கள் இருவரும் முதல் நாள் முடிவுசெய்துவிட்டோம். "இல்ல தங்கச்சி, என்ட புள்ளட சலம் வெறுந்தேத்தண்ணி மாதிரிப் போகுது" என்று இரண்டாம் நாள் அவர் சொன்னபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் அவனுக்குக் கையிலும் காலிலும் சொறி வந்து, அது சிரங்காகப் பழுத்து ஆறியிருந்தது. அந்தப் புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள், கிருமி போன பிறகு சிறுநீரக வடிகளில் போய்ப் படிந்து அழற்சியை உண்டாக்கும். தொண்டை நோ வந்தால் ஒன்று இரண்டு கிழமையிலும், தோற்புண் வந்தால் மூன்று முதல் ஆறு கிழமையிலும் இது தலைகாட்டும். இங்கே சலத்தில் போவது முக்கியமாக இரத்தம். சலத்தின் அளவு குறையும். இரத்த அழுத்தம் ஏறும். அந்தப் பையனுக்குத் தலையிடி என்றதும் தாதிமார் ஓடி வந்ததன் காரணம் அதுதான். அழுத்தம் கட்டுமீறினால் வலிப்பு வரும். அவனுக்கு ஸ்டீரொயிட் கொடுக்கவில்லை. தண்ணீரை அளந்து கொடுத்து, உப்பைக் குறைத்து, சலம் போக ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகச் சுகமாகிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மட்டும் சில மாதங்கள் சலத்தில் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் மகன் அவனுக்கு முன் வந்து, அவனுக்குப் பின்னும் விடுதியில் இருந்தான். முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. கோப்பையைப் பார்த்தால் ஒன்றில் நுரை, மற்றதில் தேத்தண்ணி.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. அந்த அக்காவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், சலம் நன்றாகப் போகட்டும் என்று நாலு செவ்விளநீர் கொண்டுவந்தார். தாதி அதைக் கண்டதும் கட்டிலுக்கடியில் இருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். சலம் குறைந்திருக்கிற பிள்ளைக்கு இளநீர் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம், வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் சேர்ந்தால் இதயத்தின் துடிப்பையே குழப்பும். சூடு தணிக்கும் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற ஒன்று இது. நெருஞ்சிக் கசாயத்தையும் பார்லித் தண்ணியையும் அதே நம்பிக்கையில் எனக்கும் பலர் பரிந்துரைத்தார்கள். நல்ல மனத்தோடு சொன்னவர்களை நான் கோபிக்கவில்லை, ஆனால் டொக்டரிடம் கேட்காமல் எதையும் கொடுக்கவுமில்லை.

மகனுக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட். உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்பது கணக்கு. வீங்கிய எடையை அல்ல, பதிவேட்டில் இருந்த பழைய 16 கிலோவை வைத்தே அதைப் போட்டார்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு 5 மில்லிகிராம் குளிசை எட்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டுக் குளிசையா என்று இவர் இரண்டு தரம் போய்க் கேட்டு வந்தார். கணக்கு ரீச்சரான நான் பரப்பைக் கணித்துப் பார்த்தேன், 0.67 சதுர மீற்றர் வந்தது, 60ஆல் பெருக்கினால் 40 மில்லிகிராம், சரி. தினமும் நாலு அல்லது ஆறு கிழமை, பிறகு அளவைக் குறைத்து ஒன்றுவிட்ட ஒரு நாள் இன்னும் அதே கால அளவு என்பது இன்று பல நாடுகளில் பின்பற்றும் முறை. பதினோராம் நாள் விடிய அவன் எழும்பி, எழும்பி, சலம் போனான். வீட்டில் யாரும் சலத்துக்காக அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டோம். ஒரு கிழமைக்குள் மூன்று கிலோவும் இறங்கியது.

வீட்டுக்கு அனுப்புமுன் விடுதித் தாதி எனக்கு ஒரு பாடம் நடத்தினார். காலையில் முதல் போகிற சலத்தைக் குழாயில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். உடுப்புக் காயவிடும் மரக் கிளிப்பால் குழாயைப் பிடித்து, மேற்பாகத்தை மட்டும் சுவாலையில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். கலங்கினால் இரண்டு மூன்று துளி வினாகிரி விட வேண்டும். கலங்கல் கரைந்தால் அது உப்பு. கரையாமல் நின்றால் புரதம். குழாய்க்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்து, எழுத்து வாசிக்க முடிந்தால் ஒன்று. எழுத்துத் தெரியாமல் கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் இரண்டு. கோடும் மறைந்தால் மூன்று. முட்டை வெள்ளைக்கரு அவிந்ததுபோலக் கட்டியானால் நாலு. கீழே கொதிக்காத பாகம் தெளிவாக நிற்பதால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாய் தேவையில்லை. தாள் பட்டி வாங்கினால் இலகு. ஆனால் மாதம் முப்பது பட்டி, வருடக்கணக்கில், எங்கள் சம்பளத்தில் யோசிக்க வேண்டிய செலவு. குழாயும் வினாகிரியும் யாருக்கும் கட்டும்.

பின்னொரு நாள் வாசித்தபோது, 1827இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், உடம்பு நீர் வைத்த நோயாளிகளின் சலத்தை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுதிரியில் காட்டி, அது கட்டிபடுவதைக் கண்டு, நோய் சிறுநீரகத்தில் இருக்கிறது என்று எழுதினார் என அறிந்தேன். அதற்குப் பிறகு நெடுங்காலம் சிறுநீரக நோய்க்கே அவர் பெயர்தான். அவருடைய கரண்டிக்கும் என் குழாய்க்கும் பெரிய தூரம் இல்லை. எங்கள் பக்கத்திலும் சலத்தைப் பார்க்கிற மரபு இருந்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற என் பழைய மாணவி ஒருத்தி, நீர்க்குறி நெய்க்குறி பற்றி விளங்கப்படுத்தினாள். நிறம், மணம், நுரை, எடை, அளவு என்று பார்த்துவிட்டு, ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போல வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம் என்று கொள்வார்களாம். எண்ணெய்த் துளியால் அல்புமினை அளக்க முடியாது; மகனை அதை நம்பி விட்டிருக்கவும் மாட்டேன். ஆனால் நுரையைக் குறித்துவைக்க வேண்டும் என்று தெரிந்திருந்த ஒரு மொழியில் பிறந்த நான், மகன் கூப்பிட்டபோது "சீ" என்றேன் என்பது உறுத்துகிறது.

ஸ்டீரொயிட் கிழமைகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பாதையில் போன எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். கன்னம் உருண்டு முகம் பூரண சந்திரனாகும். இரவு இரண்டு மணிக்குச் சோறு கேட்டு அழுவான். காரணமில்லாமல் தங்கை பிறக்கப்போகிற என் வயிற்றைக் குத்துவான், பிறகு கட்டிப்பிடித்து அழுவான். வீக்கம் இருக்கிற நாட்களில் உப்புக் குறைக்க வேண்டும். கருவாடும் மாசியும் ஊறுகாயும் எங்கள் மேசையை விட்டே போயின. புரதம் போகிறது, ஆகவே இறைச்சியும் முட்டையும் அள்ளிக் கொடு என்று ஒரு கட்சி. சிறுநீரகத்துக்குப் புரதம் கூடாது, கொடாதே என்று இன்னொரு கட்சி. இரண்டும் வேண்டாம், வயதுக்கு ஏற்ற வழமையான சாப்பாடு போதும் என்பதே கிளினிக்கில் சொன்னது. மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். கிழமைக்கணக்கில் வெளியில் இருந்து ஸ்டீரொயிட் கிடைத்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்திவிடும். பிள்ளை வீங்கிப் போகிறான் என்று குளிசையை ஒளித்த ஒரு பேத்தியாரால் ஒரு பிள்ளை மயங்கி வந்ததை நான் விடுதியில் கண்டேன்.

கொப்புளிப்பான் இன்னொரு பயம். அந்த மருந்து எடுக்கிற பிள்ளைக்கு அம்மாள் வந்தால் கடுமையாகும் என்பதால், முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கண்டது என்று கேள்விப்பட்ட அன்றே வைத்தியசாலைக்கு ஓடினேன். வேப்பிலை கட்டிக் காத்திருக்கிற நேரமல்ல அது. ஐந்து வயதுத் தடுப்பு மருந்துக்குக் குடும்பநல மாது வந்தபோதும் கொப்பியைக் காட்டி, உயிருள்ள கிருமியால் ஆன சொட்டு மருந்தைக் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம்.

கொப்பி என்றேன். அது 80 பக்கக் கணக்குக் கொப்பி: திகதி, சலத்தில் புரதம், எடை, குளிசை, வேறு வருத்தம் என்று ஐந்து நிரல். மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை' என்றால் நோய் அடங்கிற்று. மூன்று நாள் தொடர்ந்து மூன்றோ நாலோ என்றால் திரும்பிற்று. ஒரு நாள் மட்டும் இரண்டு வந்ததற்காக நடுச்சாமத்தில் ஓடத் தேவையில்லை என்பதை அந்த நிரல்தான் எனக்குப் படிப்பித்தது. முதல் திரும்பல், மாரி மழை பிடித்த கார்த்திகையில், தடிமன் வந்து நாலாம் நாள். கலங்கல் ஏறத் தொடங்கியபோது முகத்தில் வீக்கத்தின் சாடையே இல்லை. மூன்றாம் நாள் கொப்பியோடு போனேன். விடுதியில் ஏற்றாமலே மருந்தைத் தொடங்கினார்கள், வீங்கவே இல்லை. இந்த நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு தரமாவது திரும்பும், சளியும் தடிமனும் அதைத் தூண்டும். அடிக்கடி திரும்பினால் லெவமிசோல் போன்ற வேறு மருந்துகளால் ஸ்டீரொயிட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள்; மருந்துக்கே அடங்காவிட்டால் ஊசியால் சிறுநீரகத்தில் இழை எடுத்துப் பார்ப்பார்கள். மகனுக்கு இதுவரை மூன்று திரும்பல். இழை எடுக்கத் தேவைப்படவில்லை. வீக்கத்தோடு காய்ச்சலும் வயிற்று நோவும் வந்தால் மட்டும் கொப்பி எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். வயிற்று நீரில் கிருமி பிடித்திருக்கலாம்.

இவ்வளவும் படித்த தாய்க்கு மகளுடைய காய்ச்சல் உடனே பிடிபட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவளுக்குப் பதினொரு மாதம், மார்கழி, ஊரெல்லாம் டெங்கு. 39 பாகை காய்ச்சல், இருமல் இல்லை, மூக்கொழுகல் இல்லை, பால் குடிக்க மறுப்பு, இரண்டு தரம் சத்தி. நாங்கள் குருதிச் சிறுதட்டையே எண்ணிக்கொண்டிருந்தோம். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை இம்முறையும் வைத்தியசாலையே சொன்னது. வளர்ந்த பிள்ளை எரியுது என்று சொல்லும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, காய்ச்சலும் சத்தியுமே அதன் பேச்சு.

குழந்தையிடம் சலம் எடுப்பதுதான் இந்த நோயின் பாதி வைத்தியம் என்று இன்று சொல்வேன். ஒட்டுகிற பை இலகு. ஆனால் தோலில் இருக்கும் கிருமியும் அதற்குள் விழும். பையில் எடுத்தது சுத்தம் என்று வந்தால் நம்பலாம். கிருமி என்று வந்தால் நம்ப முடியாது, வீணாக அன்டிபயோட்டிக்கும் ஸ்கானும் தொடரும். ஆகவே கழுவித் துடைத்து, மடியில் பிடித்துக்கொண்டு, கோப்பையோடு காத்திருக்கச் சொன்னார்கள். குளிர்ந்த தண்ணீரில் தோய்த்த துணியால் அடிவயிற்றை மெல்ல வட்டமாகத் தேய்த்தால் சலம் கெதியாக வரும் என்று ஒரு தாதி காட்டித் தந்தார். மெல்பேர்ன் வைத்தியர்கள் 2017இல் இதைச் சோதித்து, ஐந்து நிமிடத்துக்குள் சலம் போன குழந்தைகள் 12 வீதத்தில் இருந்து 31 வீதமாகக் கூடியதாக வெளியிட்டிருக்கிறார்கள் என்பதை நான் பிறகு படித்தேன். என் மகள் அந்த 31 வீதத்தில் இல்லை. முதல் தடவை என் சேலையில், இரண்டாம் தடவை இவருடைய மணிக்கூட்டில், நாற்பது நிமிடம் கழித்துக் கோப்பையில். எடுத்ததை வெயிலில் வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது. எங்கள் ஊர்ச் சூட்டில் ஒரு கிருமி ஆயிரமாகும், உடனே ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும், பிந்தினால் குளிரூட்டியில் வைக்க வேண்டும். அன்டிபயோட்டிக்கை அதற்குப் பிறகே தொடங்கினார்கள். இரண்டு நாளில் வளர்ப்புச் சோதனை வந்தது: ஈ.கோலை, மில்லிலீட்டருக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். சலக்குழாய்த் தொற்றில் பத்தில் எட்டுக்கு மேல் இந்தக் குடற் கிருமியே காரணம்.

ஸ்கானில் ஒரு பக்கச் சிறுநீரகம் சற்று விரிந்திருந்தது. பிறகு சலப்பைக்குள் நிற மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில், சலம் போகும்போது அது கீழே மட்டும் போகாமல் மேலேயும் திரும்பிச் சிறுநீரகம் வரை ஏறுவது தெரிந்தது. ஐந்து தரத்தில் இது மூன்றாவது. சிறுநீரகத்தில் இருந்து வரும் குழாய் சலப்பைச் சுவருக்குள் நுழையும் இடம் குறுகிய தூரமாக இருப்பதால் ஒருவழிக் கதவு ஒழுங்காக மூடவில்லை. வளர வளர அந்தத் தூரம் நீண்டு பெரும்பாலும் தானாகவே சரியாகும். வடு இருக்கிறதா என்று பார்க்கும் அணுக்கதிர்ப் படத்துக்கு, தொற்று மாறி ஐந்து மாதம் கழித்து, விடியற்காலை பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிப் பக்கம் போய் வந்தோம். வடு இல்லை. இரவில் ஒரு சிறு அளவு ட்ரைமெத்தோபிரிம் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். இதில் வைத்தியர்களிடையே ஒரே கருத்து இல்லை: அமெரிக்காவில் 607 பிள்ளைகளோடு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இரவு மருந்து தொற்றுத் திரும்புவதை ஏறத்தாழப் பாதியாக்கியது, ஆனால் வடுவைக் குறைக்கவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியும் கூடியது. டொக்டர் இதை மறைக்காமல் சொல்லி, முடிவை எங்களோடு சேர்ந்து எடுத்தார். ஒன்றரை வருடம் கொடுத்து நிறுத்தினோம்.

அந்தக் கிளினிக்கில் டொக்டர் மருந்தைவிட அதிகம் கேட்டது மலத்தைப் பற்றி. மலம் இறுகினால் நிறைந்த குடல் சலப்பையை நெருக்கி, சலம் முழுதாகப் போகாமல் மிஞ்சி, மிஞ்சியதில் கிருமி வளரும். இது என்னை என் வகுப்பறையைப் பார்க்க வைத்தது. நான் படிப்பிக்கும் பாடசாலையின் பெயர் வேண்டாம். ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் காலை ஏழரைக்கு வந்து இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகும்வரை கழிவறைக்குப் போவதில்லை. தாழ்ப்பாள் இல்லை, வாளி இல்லை, நாற்றம். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை, சித்திரை வெயிலிலும். ஒரு பிள்ளையின் சலப்பை கொள்ளும் அளவு வயதோடு ஒன்று கூட்டி 30ஆல் பெருக்கினால் வரும் மில்லிலீட்டர் என்பது ஒரு பருமட்டான கணக்கு. பன்னிரண்டு வயதுக்கு 390. அரைப் போத்தலுக்கும் சற்று அதிகம், அதுதான் கொள்ளளவு. அதை ஆறரை மணி நேரம் அடக்கச் சொல்கிறோம். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டி ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். சிலர் சிரித்தார்கள், ஒரு தகப்பன் அடுத்த நாள் இரண்டு தாழ்ப்பாளும் ஒரு வாளியும் கொண்டுவந்தார். இப்போது இரண்டாம் பாடத்துக்குப் பிறகு என் வகுப்பில் கேட்காமலே போகலாம்.

படுக்கையில் சலம் போவதைப் பற்றியும் பலர் என்னிடம் இரகசியமாகக் கேட்பார்கள். ஐந்து வயதுக்குள் அது நோயே அல்ல. அதற்குப் பிறகும் அடித்தும் வெட்கப்படுத்தியும் மாறுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் காய்ந்திருந்த பிள்ளை திடீரெனத் திரும்ப நனைக்கத் தொடங்கினால், கூடவே தாகமும் மெலிவும் இருந்தால், அன்றே சீனி பார்க்க வேண்டும். ஆண் குழந்தை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால், பாயும் தாரை இல்லாவிட்டால், அதையும் காத்திருந்து பார்க்கக் கூடாது. சலவழியில் பிறவியிலேயே மறிப்புச் சவ்வு இருக்கலாம். தாரை எப்படிப் போகிறது என்று டொக்டர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்ததைக் கிளினிக்கில் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்!

மகனுக்கு வருகிற சித்திரையோடு ஒன்பது வயது. கடைசித் திரும்பல் வந்து பதினாலு மாதம், மருந்து இல்லை. கிழமைக்கு மூன்று நாள் பார்த்தால் போதும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், தடிமன் வந்தால் மட்டும் தினமும். குழாயை இப்போது அவனே பிடிக்கிறான்; அடுப்பை நான் பற்றவைத்துக் கொடுக்கிறேன். இன்று காலை பத்திரிகையைக் குழாய்க்குப் பின்னால் வைத்து, மரண அறிவித்தல் பக்கத்தின் மிகச் சிறிய எழுத்தைத் தங்கைக்கு உரத்து வாசித்துக் காட்டினான். அவளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது. நாலாவது கொப்பி, பதினேழாம் பக்கம்: 'இல்லை.'